கூலியாள் வேடத்தில் வந்த குருமுதல்வர்: யோசேவாஸ் அடிகளாரும் மன்னார்க் கரையும்

1687ஆம் ஆண்டு உயிர்ப்புத் திருநாள் காலத்தில் தூத்துக்குடியிலிருந்து கொழும்பு நோக்கி ஒரு பாய்க்கப்பல் புறப்பட்டது. வாடை ஓய்ந்து சோளகம் எழும்புவதற்கு இடைப்பட்ட காலம் அது. அந்த நாட்களில் கடல் எந்த நேரத்தில் முகம் மாறும் என்று சொல்ல முடியாது என்பது எங்கள் கடற்றொழிலாளர்களுக்கு நன்றாகத் தெரியும். கப்பல் புயலில் அகப்பட்டது. கொழும்புக்குப் போகவேண்டியது மன்னார்ப் பக்கம் ஒதுங்கியது. அங்கிருந்து யாழ்ப்பாணம் போய்ச் சேர்வதற்குள் அதில் இருந்தவர்கள் பசியாலும் தாகத்தாலும் குற்றுயிராகிவிட்டார்கள். அவர்களிடையே கூலியாட்களைப்போல உடுத்திய இருவர் இருந்தனர். ஒருவர் யோவான் என்ற இளைஞர். மற்றவர் 36 வயதை எட்டிக்கொண்டிருந்த கோவாக் குருவானவர். அவர் குருவானவர் என்று ஒல்லாந்தருக்குத் தெரிந்திருந்தால் சிறையில் போட்டிருப்பார்கள், அல்லது வந்த வழியே திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

அவர்தான் இன்று எங்கள் பீடங்களில் நிற்கும் புனித யோசேவாஸ் அடிகளார்.

அந்தப் பீடங்களில் அவரை எப்படி நிறுத்தியிருக்கிறோம் என்று கவனித்திருப்பீர்கள். கறுப்பு அங்கி, உயர்த்திய கையில் பாடுபட்ட சுரூபம், நிமிர்ந்த தலை. எனக்கு அந்தச் சொரூபத்தைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு யோசனை வரும். ஒல்லாந்தர் ஆண்ட எங்கள் கரையில் அவர் அணிந்திருக்கவே முடியாத உடுப்பு அது. இங்கே அவரைக் காப்பாற்றியது வெறுங்காலும் அரைத்துண்டும்தான். குருக்களின் அதிகாரத்தைக் காட்டும் அங்கியைப் போட்டு அவரை நாங்கள் கொண்டாடுகிறோம். அவரோ அதைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் இந்தத் தீவுக்குள் நுழைந்தார். அவருடைய வாழ்க்கையை நான் திரும்பத் திரும்ப வாசிப்பதற்கு இந்த வேறுபாடுதான் காரணம்.

அவர் வந்தபோது மன்னாரின் திருச்சபை எந்த நிலையில் இருந்தது என்பதை முதலில் சொல்ல வேண்டும். 1544இல் பிரான்சிஸ் சவேரியார் முத்துக்குளித்துறையில் பணியாற்றிக்கொண்டிருந்தபோது மன்னார் மக்கள் அவருக்கு அழைப்பு அனுப்பினார்கள். அவரால் வர முடியவில்லை, தம் சார்பில் ஒரு குருவை அனுப்பினார். ஞானஸ்நானம் பெற்ற மக்களில் 600க்கும் அதிகமானோரை யாழ்ப்பாண மன்னன் சங்கிலியின் படை அதே ஆண்டில் வெட்டிக் கொன்றது. தோட்டவெளியில் அவர்களுடைய நினைவிடத்துக்கு இன்றும் யாத்திரை போகிறோம். 1560இல் போர்த்துக்கேயர் மன்னாரில் கோட்டை கட்டினார்கள். அதன்பின் சுமார் நூறு ஆண்டுகள் கோவிலும் கோட்டையும் அருகருகே இருந்தன. பாதிரியாருக்குப் பின்னால் கப்பித்தான் நின்றார்.

1658 பெப்ரவரியில் ஒல்லாந்தர் மன்னார்க் கோட்டையைப் பிடித்தார்கள். ஜூன் மாதம் யாழ்ப்பாணமும் வீழ்ந்தது. கத்தோலிக்கக் குருக்கள் அனைவரும் நாடு கடத்தப்பட்டார்கள். ஒளித்துவைப்பவருக்கு மரண தண்டனை என்று கட்டளை வந்தது. கோவில்கள் ஒல்லாந்தச் சீர்திருத்தத் திருச்சபையின் வசமாயின, பல இடங்களில் அவையே பள்ளிக்கூடங்களும் ஆயின. பிலிப்பு பால்டேயஸ் என்ற ஒல்லாந்தப் போதகர் யாழ்ப்பாணத்தையும் மன்னாரையும் சுற்றிவந்து அந்தக் கோவில்களைப் பற்றி எழுதிய நூல் 1672இல் ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்தது. பிறப்பையும் திருமணத்தையும் ஒல்லாந்தப் பள்ளிக்கூடத் தோம்பில் பதியாவிட்டால் முதுசம் சேருவதிலும் சிக்கல். ஆகவே மக்கள் இரட்டை வாழ்வு வாழ்ந்தார்கள். பகலில் ஒல்லாந்தரின் பள்ளியில் தலையைக் காட்டிவிட்டு இரவில் வீட்டுக்குள் செபமாலை சொன்னார்கள்.

இப்படி 29 ஆண்டுகள் போயின. 1658இல் பிறந்த பிள்ளைக்கு யோசேவாஸ் வந்தபோது 29 வயது. அந்தப் பிள்ளை தன் வாழ்நாளில் ஒரு பூசையைக் கண்டிருக்க மாட்டான், பாவசங்கீர்த்தனம் செய்திருக்க மாட்டான். ஆனாலும் அவனுக்கு மங்கள வார்த்தை செபம் மனப்பாடம். யார் சொல்லிக்கொடுத்தது? தாய்மாரும், ஊர் மூப்பரும், செபம் சொல்லத் தெரிந்த அண்ணாவியாரும்தான். மாந்தையில் இருந்த மாதா சொரூபத்தை 1670 அளவில் 20 குடும்பங்கள் தூக்கிக்கொண்டு ஒல்லாந்தரின் கை எட்டாத வன்னிக் காட்டுக்குள் போனதாக மரபு சொல்கிறது. இன்றைய மடுவின் தொடக்கம் அதுதான். அந்த முடிவை எடுக்க அங்கே ஆயரும் இல்லை, குருவும் இல்லை. குடும்பங்கள் கூடிப் பேசித் தாங்களே எடுத்த முடிவு.

இந்தச் சூழலுக்குள் வந்தவர் எப்படிப்பட்ட சூழலில் வளர்ந்தவர்? 1651 ஏப்ரல் 21ஆம் திகதி கோவாவின் பெனாவுலிம் கிராமத்தில் தாயின் வீட்டில் பிறந்தார். தகப்பன் கிறிஸ்தோவாவோ வாஸ், சங்குவாலைச் சேர்ந்தவர். தாய் மரியா டி மிராண்டா. கொங்கணிப் பிராமணக் கத்தோலிக்கக் குடும்பம். போர்த்துக்கேய மொழியும் இலத்தீனும் படித்து, இயேசுசபையினரின் கல்லூரியிலும் பிறகு தொமினிக்கரிடமும் பயின்று 1676இல் குருவானார். ஆனால் போர்த்துக்கேய இந்தியாவில் உள்ளூர்க் குருவுக்கு ஓர் எல்லை இருந்தது. ஐரோப்பியரின் துறவற சபைகள் உள்ளூர்க்காரரைச் சேர்க்க மறுத்தன. எவ்வளவு படித்தாலும் ஐரோப்பியக் குருவுக்கு உதவியாளராகத்தான் பெரும்பாலும் காலம் போகும். பக்தி அந்தப் பக்கம் கூடினாலும் பதவி இந்தப் பக்கம் வராது.

இப்படி ஒதுக்கப்பட்ட ஒருவர் கோபத்தை வளர்த்துக்கொண்டிருக்கலாம். பலர் வளர்த்தார்கள், அதில் நியாயமும் இருந்தது. யோசேவாஸ் வேறொன்று செய்தார். 1677 ஓகஸ்ட் 5ஆம் திகதி மரியாளுக்குத் தம்மை நிரந்தர அடிமையாக ஒப்புக்கொடுத்து ஓர் அடிமை ஓலை எழுதிக் கையொப்பமிட்டார். பக்தி இலக்கியத்தில் அடிமை என்ற சொல் தமிழர்களுக்குப் புதிதில்லை. ஆனால் அந்தக் காலக் கோவாவில் அடிமைகள் உண்மையாகவே சந்தையில் விற்கப்பட்டார்கள். வசதியான வீடுகளில் அடிமைகள் வேலை செய்தார்கள். அத்தகைய ஊரில் மேல்சாதிக் குரு ஒருவர் தமக்கு அந்தப் பெயரை எழுத்தில் போட்டுக்கொண்டது சும்மா அலங்காரமாக இருந்திருக்க முடியாது.

1681இல் அவரை கன்னடக் கரைக்கு மறைவட்டத் தலைவராக அனுப்பினார்கள். அங்கே அவருக்குக் கிடைத்தது ஒரு பதவிச் சண்டை. போர்த்துக்கேய அரசரின் ஆதரவுரிமையின்கீழ் கோவா பேராயர் ஒரு பக்கம் அதிகாரம் கோரினார். உரோமையின் விசுவாசப் பரப்புதல் பேராயம் அனுப்பிய ஆயர் தோமஸ் டி கஸ்ட்ரோ மறுபக்கம் கோரினார். அவரும் கோவாவைச் சேர்ந்தவரே. ஒருவர் கொடுத்த பாவமன்னிப்புச் செல்லாது என்று மற்றவர் சொல்லும் நிலை. நடுவில் மக்கள். யோசேவாஸ் தம் மேலதிகாரியின் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை, அதேநேரம் எதிர்ப்பக்க ஆயரை அவமதிக்கவும் இல்லை. அவரிடம் நேரில் போய்ப் பேசி மக்களின் மனச்சாட்சி குழம்பாதபடி ஓர் இடைக்கால ஏற்பாட்டுக்கு வந்தார். பிறகு மங்களூர்ப் பக்கத்தில் கோவில்களைத் திருத்தினார், பள்ளிகளைத் திறந்தார், அடிமைகளாகப் பிடிக்கப்பட்ட கிறிஸ்தவர்களை மீட்கப் பணம் திரட்டினார். 1684இல் கோவா திரும்பினார்.

அடுத்த ஆண்டு செப்டெம்பரில் கோவாவில் உள்ளூர்க் குருக்கள் சிலர் தாங்களாகவே தொடங்கியிருந்த ஒரு சிறு குழுவில் சேர்ந்தார். உடனேயே அவரைத் தலைவராகத் தெரிந்தெடுத்தார்கள். புனித பிலிப்பு நேரியின் ஓரட்டரி ஒழுங்கை அதற்கு அமைத்துக்கொடுத்தவர் அவர்தான். ஐரோப்பியர் சேர்க்காததால் இந்தியக் குருக்கள் தங்களுக்கென்று அமைத்துக்கொண்ட முதல் சபை இது. ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. வெள்ளையர் பூட்டிய கதவைப் பற்றி வருந்திய அந்தச் சபை தானும் ஒரு கதவைப் பூட்டியே வைத்திருந்தது. கோவா ஓரட்டரி பிராமணக் குருக்களின் சபையாகவே நின்றது. யோசேவாஸின் புகழைப் பாடும் நூல்கள் இந்த இடத்தை வேகமாகக் கடந்துபோகின்றன. யோவானைப் பற்றியும் அப்படித்தான். தூத்துக்குடியிலிருந்து கூடவே வந்து, கண்டிச் சிறையில் கூடவே இருந்து பணிசெய்த அந்தப் பணியாளர் யோவானுக்கு நான் போன எந்தக் கோவிலிலும் ஒரு படம்கூடக் கிடையாது.

தலைவரானவர் ஒரு வருடம் முடிவதற்குள் அந்தப் பொறுப்பை விட்டுவிட்டு 1686இல் நடக்கத் தொடங்கினார். கோவாவிலிருந்து கன்னடக் கரை, மலையாளக் கரை, பிறகு தூத்துக்குடி. வழியில் தமிழ் படித்தார். இலங்கையில் குருக்களில்லாத கத்தோலிக்கர் இருக்கிறார்கள் என்ற செய்தி அவரை நெடுங்காலமாக அரித்துக்கொண்டிருந்தது.

யாழ்ப்பாணத்தில் இறங்கியதும் வயிற்றோட்டம் பிடித்து வழியோரத்தில் சாகக் கிடந்தார். ஒரு பெண் கஞ்சி கொடுத்து உயிர் பிழைக்க வைத்தாள். பிறகு செபமாலையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் பிச்சைக்குப் போனார். அதைக் கண்டு யாருடைய கண் கலங்குகிறதோ அவர் கத்தோலிக்கராக இருக்கலாம் என்று கணக்கு. கோவாவில் கல்லூரி படித்த, குருக்களின் தலைவராக இருந்த ஒருவர் தம் மந்தையைத் தேடிய முறை இதுதான். மந்தைதான் அவரைச் சோதித்தது. இவர் ஒல்லாந்தரின் ஒற்றனா, மெய்யான குருவா என்று அறிந்த பிறகே கதவைத் திறந்தது. சில்லாலைக் கிராமம் அவரை ஒளித்துவைத்தது. பகலில் ஒளிவு, இரவில் பூசை. 1689 நத்தார் இரவில் யாழ்ப்பாணத்தில் செபத்துக்குக் கூடியிருந்தவர்களை ஒல்லாந்தர் சுற்றிவளைத்தார்கள். கல்வின் மதத்திலிருந்து கத்தோலிக்கத்துக்கு மாறியிருந்த தொன் பேதுரு என்பவர் அடியுண்டு இறந்தார். வேறு சிலர் ஆயுள் முழுவதும் கட்டாய வேலைக்கு அனுப்பப்பட்டனர். யோசேவாஸ் அகப்படவில்லை. அவருக்காக மற்றவர்கள் அடிபட்டார்கள் என்பதை அவர் எப்படித் தாங்கினார் என்று எந்த வரலாற்றிலும் நான் வாசிக்கவில்லை.

அடுத்து புத்தளம். அது கண்டி மன்னரின் ஆட்சிக்கு உட்பட்டிருந்ததால் மூச்சு விடலாம். 1692இல் கண்டிக்குப் போனார். அரண்மனையில் செல்வாக்குள்ள, கல்வின் மதத்தவரான பிரெஞ்சுக்காரர் ஒருவர் இவரைப் போர்த்துக்கேய ஒற்றர் என்று சொன்னார். சிறை. அங்கிருந்தபடியே சிங்களம் படித்தார். மெல்ல மெல்ல இரண்டாம் விமலதர்மசூரிய மன்னருக்கு இவர் யாரென்று புரிந்தது. சிறைக்கருகில் ஓலைக் கொட்டில் ஒன்று கோவிலானது. பௌத்த மன்னர் ஒருவர் புரட்டஸ்தாந்து ஐரோப்பியரிடமிருந்து ஒரு கத்தோலிக்க இந்தியரைப் பாதுகாத்தார். இலங்கையில் மதங்களின் கதையை நேர்கோட்டில் சொல்ல முயல்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்.

1697இல் கண்டியில் அம்மை பரவியது. மன்னர் நகரை விட்டு வெளியேறினார், வசதியுள்ளவர்களும் போய்விட்டார்கள். நோயாளிகளைக் காட்டோரத்தில் விட்டுவிட்டுப் போவது அந்நாளைய வழக்கம். யோசேவாஸும் அப்போதுதான் வந்து சேர்ந்திருந்த கார்வாலோ அடிகளும் அங்கேயே நின்று கொட்டில் போட்டார்கள், புண் கழுவினார்கள், கஞ்சி காய்ச்சினார்கள், செத்தவர்களைத் தூக்கிப் புதைத்தார்கள். பௌத்தர், கத்தோலிக்கர் என்று பிரித்துப் பார்க்கவில்லை. திரும்பிவந்த மன்னர் அதன்பிறகு அவர்கள் நாட்டில் எங்கும் போய்ப் பணிசெய்யத் தடை போடவில்லை.

கொச்சி ஆயர் 1696இல் அவரை இலங்கைக்குக் குருமுதல்வராக நியமித்தார். பட்டம் வந்தது, நடை மாறவில்லை. கண்டியிலிருந்து புத்தளம், அங்கிருந்து கரையோரமாக வடக்கே மன்னார், வன்னி, யாழ்ப்பாணம் என்று வெறுங்காலோடு நடந்தார். ஒல்லாந்தரின் பகுதியில் வேடம், கண்டியரின் பகுதியில் அங்கி. அரிப்புக்கும் மாந்தைக்கும் இடைப்பட்ட கரையை இன்று வாகனத்தில் போகும்போது பாருங்கள். உப்புவெளி, உடைமரம், மழைக்காலத்தில் அருவியாறு ஊரை மூடும். அந்தக் காலத்தில் அது யானைக் காடும்கூட.

எங்கள் கரைக்கு அவரால் கிடைத்த இன்னொரு மனிதரையும் சொல்லாமல் விட முடியாது. 1705இல் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் தலைமன்னாரில் வந்திறங்கினார். அவரும் கோவாக்காரர், ஓரட்டரிச் சபையினர். யோசேவாஸ் அவருடைய மொழித் திறமையைக் கண்டுகொண்டு சிங்களத்தையும் தமிழையும் ஆழமாகக் கற்று எழுதும் வேலையை அவரிடம் ஒப்படைத்தார். மக்களின் மொழியில் நூல் இருந்தால் குரு இல்லாத ஊரிலும் விசுவாசம் நிற்கும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். தலைமை என்பது தன்னை இன்றியமையாதவனாக ஆக்கிக்கொள்வது என்று நினைக்கிறவர் இப்படி ஒரு வேலையை இன்னொருவர் கையில் கொடுக்க மாட்டார்.

மூப்பர் முறையும் அதே மாதிரித்தான். ஒல்லாந்தர் காலத்தில் குருவில்லாமல் ஊரைக் கட்டிக்காத்த பொதுநிலையினரை அவர் ஒதுக்கித் தள்ளவில்லை. கோவிலைப் பராமரிக்க மூப்பர், செபம் நடத்தவும் மறைக்கல்வி சொல்லிக்கொடுக்கவும் அண்ணாவியார் என்று அவர்களுக்கு முறையான இடம் கொடுத்தார். குரு வருடத்தில் ஒரு தடவை வருவார். மற்ற நாட்களில் ஞாயிறு செபம், சாவுவீட்டுச் செபம், ஆபத்து வேளை ஞானஸ்நானம் எல்லாம் அவர்கள் கையில். புதிய குருக்கள் வந்தபின் நாட்டை எட்டுப் பணித்தளங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒருவரை அனுப்பினார். ஒருவர் எத்தனை ஊரைத்தான் பார்க்க முடியும்? முழு அமைப்பும் மூப்பர்களின் தோளில்தான் நின்றது.

என் அம்மாவின் தகப்பனார் எங்கள் ஊரில் மூப்பராக இருந்தவர். 1990இல் ஊரோடு இடம்பெயர்ந்து காட்டோரக் கொட்டில்களில் இருந்தபோது, பாதர் வர முடியாத ஞாயிறுகளில் அவர்தான் செபம் நடத்தினார். பழைய செபப் புத்தகம் ஒன்றும் ஒரு குப்பி விளக்கும் இருந்தன. அந்த வேளையில் அவர் செய்தது புதிய காரியம் என்று யாருக்கும் தோன்றவில்லை. 300 வருடப் பழக்கம் எங்கள் உடம்பிலேயே இருந்தது. 2008 ஏப்ரலில் யுத்தம் மடுவை நெருங்கியபோது மாதா சொரூபத்தை தேவன்பிட்டிக்குக் கொண்டுபோனார்களே, அப்போதும் 1670இன் நினைவுதான் பலருக்கு வந்தது.

உரோமையிலிருந்து வந்த பாப்பரசரின் பிரதிநிதி துர்னோன், இலங்கைக்கு ஓர் ஆயர் வேண்டும், அது யோசேவாஸாக இருக்கட்டும் என்று விரும்பினார். அவர் மறுத்துவிட்டார். சாதாரணக் குருவாகவே இருந்துவிடுகிறேன் என்ற மனநிலை. இதைத் தாழ்ச்சி என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறோம். எனக்கு அதில் நடைமுறை அறிவும் தெரிகிறது. கன்னடக் கரையில் ஆயர் பதவியின் பெயரால் மக்கள் எப்படிக் கிழிபட்டார்கள் என்று கண்ணால் கண்டவர் அவர். இங்கே ஒல்லாந்தர், கண்டி மன்னர், போர்த்துக்கேயரின் உரிமைக் கோரிக்கை என்று மூன்று பக்கமும் நெருப்பு. நடுவில் ஒரு மணிமுடியைத் தூக்கிப் பிடிப்பது யாருக்கு உதவும்?

1711 ஜனவரி 16ஆம் திகதி கண்டியில் இறந்தார். 60 வயது நிறையவில்லை. அப்போது நாட்டில் கத்தோலிக்கர் சுமார் 70,000 பேர் என்று கணக்குச் சொல்கிறார்கள். கோவிலுக்குள்ளேயே அடக்கம் செய்தார்கள். சில பத்தாண்டுகளில் மன்னர்களின் மனம் மாறி, குருக்கள் கண்டியிலிருந்து வெளியேற்றப்பட்டு, கோவிலும் அழிந்தது. கல்லறை இருந்த இடம் இன்றுவரை கண்டுபிடிக்கப்படவில்லை.

அவருக்குப் பின் ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு, ஒரு ஐரோப்பிய மறைப்பணியாளர்கூட இல்லாமல், கோவாக் குருக்களே இலங்கைத் திருச்சபையை நடத்தினார்கள். காலனி ஆட்சிக்கால ஆசியாவில் இது அபூர்வம். 1840களில் இத்தாலியரும் பிரெஞ்சுக்காரரும் வரத் தொடங்கினார்கள். 1847இல் அமலமரித் தியாகிகள் சபையினர் யாழ்ப்பாணம் வந்தார்கள். பள்ளிகள், அச்சகம், பெரிய கோவில்கள் என்று அவர்கள் செய்தவை கணக்கற்றவை. ஆனால் அவர்களோடு ஒரு புதிய அளவுகோலும் வந்தது. கோவாக் குருக்கள் போதாதவர்கள், மூப்பர்களுக்கு இடம் கொடுத்தது கூடிப்போய்விட்டது என்ற பார்வை. 1880களின் கடைசியில் போர்த்துக்கேய ஆதரவுரிமை முடிவுக்கு வந்தபோது மன்னார்ப் பெருநிலத்தில் சில ஊர்கள் கோவாக் குருக்களை விட மறுத்துப் பிரிந்தே போயின. அந்தப் பிரிவைப் பிடிவாதம் என்று எழுதிவிட்டார்கள். ஆபத்துக் காலத்தில் தங்களை மதித்தவர்களை மறக்க முடியாதவர்களின் துயரமும் அதில் இருந்தது என்பது என் எண்ணம்.

1995 ஜனவரியில் இரண்டாம் யோவான் பவுல் பாப்பரசர் கொழும்பில் அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார். 2015 ஜனவரி 14ஆம் திகதி காலிமுகத்திடலில் பிரான்சிஸ் பாப்பரசர் புனிதராக உயர்த்தினார். வழக்கமாகத் தேவைப்படும் இரண்டாவது புதுமையைக் கேட்காமலே உயர்த்தினார். அன்று பின்னேரமே மடுவுக்கு வந்தார். காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மாரும் அந்த வெயிலில் நின்றார்கள்.

அதே பிரான்சிஸ் பாப்பரசர் 2021இல் தொடங்கி 2024 ஒக்ரோபர் வரை நடத்திய ஆயர் மாமன்றம் உலகெங்கும் பங்குகளிடம் ஒரு கேள்வியைக் கொண்டுபோனது: ஒன்றிணைந்து நடக்கும் திருச்சபையில் பொதுநிலையினரின் குரல் எங்கே? அதற்கான கலந்துரையாடல் ஒன்றுக்கு நான் போயிருந்தேன். இரண்டு மணித்தியாலக் கூட்டத்தில் ஒன்றரை மணித்தியாலம் மேடையில் இருந்தவர்கள் பேசினார்கள். பெண்கள் தேநீர் பரிமாறினார்கள். இன்னொரு ஊரில் செய்தி சேகரிக்கப் போனபோது, திருவிழாவில் சொரூபக் கூட்டை எந்தப் பகுதியார் தூக்குவது என்ற தகராறில் பவனியே ஒரு மணித்தியாலம் பிந்தியது. பகுதி என்று அவர்கள் சொன்னது சாதியைத்தான். கூட்டுக்குள் இருந்தவர் யாரென்று கேட்கிறீர்களா? எங்கள் யோசேவாஸ் அடிகளார்தான்.

இதைச் சொல்வதால் எல்லாம் கெட்டுவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. யுத்த காலத்தில் மன்னார் மறைமாவட்டக் குருக்கள் மக்களோடு நின்றதற்கு நாங்களே சாட்சி. வங்காலையில் 1985இல் கொல்லப்பட்ட மேரி பஸ்ரியன் அடிகளை எங்கள் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆபத்து வந்தால் எங்கள் குருக்கள் வெறுங்காலோடு நடப்பார்கள், எங்கள் மக்கள் மூப்பர்களாக எழும்புவார்கள். சமாதான காலத்தில்தான் அங்கியும் வாங்கும் கூடும் பெரிதாகிவிடுகின்றன. யோசேவாஸுக்கும் கண்டியில் நல்ல காலம் வந்தது. மன்னரின் ஆதரவு இருந்தது, குருமுதல்வர் பட்டம் இருந்தது, ஆயர் பதவி வாசலில் நின்றது. அந்தக் காலத்தில் அவர் எப்படி நடந்தார் என்பதை நாங்கள் போதிய அளவு வாசிக்கவில்லை. ஒளிவு வாழ்க்கைக் கதைகளைத்தான் பிள்ளைகளுக்கு நாடகமாகப் போடுகிறோம்.

தவக்காலத்தில் எங்கள் கரையோரக் கோவில்களில் இன்றும் வியாகுல பிரசங்கம் வாசிக்கிறார்கள். தலைமன்னாரில் வந்திறங்கிய அந்த யாக்கோமே கொன்சால்வெஸ் எழுதியது. அதை இராகத்தோடு வாசிப்பவர் குருவானவர் அல்ல, ஊர் அண்ணாவியார். கடந்த தவக்காலத்தில் நான் போன கோவிலில் அண்ணாவியாருக்குக் குரல் அடைத்திருந்தது. இரண்டாம் பிரசங்கத்தை அவருடைய மகள் எடுத்து வாசித்தாள். சில கிழவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பாதர் கடைசி வாங்கில் இருந்து முடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.